நடந்து போகலாமா, தாவிப் போகலாமா?

"ரெண்டு மணி நேரமா என்னடா செய்றே?"

"குதிரையில போயிட்டு இருக்கேன்மா."

கோடை விடுமுறையில் அல் குசைஸ் ஃபிளாட்டுகளில் இந்தப் பேச்சு கேட்காத வீடு குறைவு. பெற்றோரே, பிள்ளை சொல்வது உண்மைதான். வாலிபத் தம்பி தங்கைகளுக்கு இது தெரிந்த சங்கதி. இந்த மாதம் உங்களுக்காகவும் எழுதுகிறோம். எங்கள் வீட்டில் நைட் டியூட்டி முடித்து வரும் நர்ஸ் உட்பட மூன்று பேருமே விளையாடுகிறவர்கள்.

ஓபன் வேர்ல்ட் கேம் என்றால், மலையும் காடும் ஊருமாக ஒரு பெரிய தேசத்தைத் திறந்து, எங்கே வேண்டுமானாலும் போ என்று விட்டுவிடுவார்கள். நடந்தோ குதிரையிலோ போகலாம். அல்லது மேப்பில் ஊர்ப்பெயரை அழுத்தினால் அடுத்த நொடி அங்கே நிற்கலாம். அதற்கு ஃபாஸ்ட் டிராவல் என்று பெயர்.

2002-இல் வந்த மாரோவிண்டில் மேப்பை அழுத்தித் தாவ முடியாது. ஊர்விட்டு ஊர் போக, வீட்டைவிட உயரமான ஒரு பூச்சியின் மேல் காசு கொடுத்து ஏற வேண்டும், இல்லையென்றால் படகு, அதுவும் இல்லையென்றால் மந்திரவாதிகள் சங்கத்தில் பணம் கட்டி அடுத்த ஊர்ச் சங்கத்துக்குப் போக வேண்டும். மற்ற இடங்களுக்கு நடைதான். யாராவது சொல்லும் வழியை வைத்துத் தேட வேண்டும், நம் ஊரில் டீக்கடையில் விசாரித்துப் போவதுபோல. அதே நிறுவனத்தின் ஒப்லிவியன் 2006-இல் வந்தபோது பெரிய நகரங்களுக்கு ஆரம்பத்திலேயே தாவலாம் என்றாகிவிட்டது. 2011-இல் ஸ்கைரிம் நடுவழியைப் பிடித்தது: ஒருமுறை நீயே போய்க் கண்டுபிடித்த இடத்துக்குத்தான் பிறகு தாவலாம். அவசரமென்றால் பெரிய ஊர்களுக்குக் குதிரைவண்டி உண்டு. எங்களுக்கு இந்த ஏற்பாடுதான் நியாயமாகப் படுகிறது.

அதே 2011-இல்தான் நம் கிரீன் லைன் மெட்ரோவும் ஓட ஆரம்பித்தது. குசைஸில் ஏறி அல் குபைபாவில் இறங்கினால், க்ரீக் தண்ணீருக்கு அடியில் போனதே தெரியாது. டெய்ராவில் இறங்கி ஒரு திர்ஹம் கொடுத்து அப்ரா படகில் கடந்தால் காற்று, டீசல் வாசனை, கடற்பறவை எல்லாம் உண்டு. டியூட்டிக்குப் போகும்போது யாரும் அப்ராவைத் தேடுவதில்லை. ஊரிலிருந்து அத்தை மாமா வந்தால் அப்ராவில்தான் ஏற்றுகிறோம். கேமிலும் அப்படியே. பழைய வாளை விற்கக் கடைக்குத் திரும்புகிறவன் தாவுகிறான். புதிய மலையைக் கண்டவன் நடக்கிறான்.

2024-இல் வந்த டிராகன்ஸ் டாக்மா 2-இல் தாவுவதற்கு ஒரு கல் வேண்டும், அது எளிதில் கிடைக்காது. மாட்டுவண்டியில் ஏறிக் கண்ணயர்ந்தால் வழியில் அரக்கர்கள் பாய்ந்தாலும் பாய்வார்கள். பயணம் அலுக்கிறதென்றால் கேமே அலுப்பானது என்பதுதான் காரணம் என்று அதன் இயக்குநர் ஹிதேயாகி இட்சுனோ சொன்னார். பாதி சரி. பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் முடித்து வந்து, அதே காட்டுப்பாதையைப் பத்தாம் முறை கடந்து பார்த்தால் மீதிப் பாதி புரியும்.

பெற்றோர் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. தினம் அரை மணி மட்டும் கொடுத்தால் பிள்ளை தாவத்தான் செய்வான். மேப், சண்டை, மறுபடி மேப், மறுபடி சண்டை. எழுந்து வரும்போது படபடப்பும் எரிச்சலும்தான் மிச்சம். நாங்கள் வாரத்தின் மூன்றரை மணியை இரண்டே நாளாகப் பிரித்துக் கொடுத்தோம். மொத்தம் கூடவில்லை, ஆனால் குதிரை திரும்பி வந்தது. அரை மணிக்கு ஒருமுறை எழுந்து தண்ணீர் குடித்து, பால்கனிக்கு வந்து தூரத்துக் கட்டடத்தைக் கொஞ்ச நேரம் பார்க்க வேண்டும் என்பது மட்டும் கண்டிப்பு. கண்ணுக்கும் காலுக்கும் அது தேவை. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை பகலில் வெளியே நடக்கவிட முடியாத ஊரில், பிள்ளைக்குக் கிடைக்கும் நீண்ட பாதை திரையில்தான் இருக்கிறது. அதைக் குறைசொல்ல மனம் வரவில்லை.

இப்போது இரவுச் சாப்பாட்டில் எத்தனை பேரைக் கொன்றான் என்ற கணக்கு வருவதில்லை. போன வாரம் முழுவதும் ஓர் ஆற்றோரக் குடிசையைப் பற்றித்தான் பேச்சு. உள்ளே யாருமில்லையாம், அடுப்பு மட்டும் எரிந்துகொண்டிருந்ததாம்.