பாதி மருந்து கேப்ஸ்யூலில், மீதி ரத்தப் பரிசோதனையில்

அரிவாள் செல் ரத்தசோகை உள்ள குழந்தைக்கு மருத்துவர் முதல் முறையாக ஹைட்ராக்ஸியூரியா எழுதிக் கொடுக்கும்போது, பெற்றோர் பலர் மருந்துக் கடை வாசலிலேயே தயங்கி நின்றுவிடுகிறார்கள். “இது கேன்சர் மாத்திரையாச்சே” என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். கைபேசியில் தேடினாலும் அதுதான் முதலில் வருகிறது. தகவலில் பொய்யில்லை. 1869இல் ஜெர்மனியில் முதன்முதலில் தயாரிக்கப்பட்ட இந்த வேதிப்பொருள், 1967இல் அமெரிக்காவில் புற்றுநோய் மருந்தாகத்தான் அனுமதி பெற்றது. சில ரத்தப் புற்றுநோய்களுக்கு இன்றும் கொடுக்கப்படுகிறது. ஆனால் அந்த ஒரு சொல் கிளப்பிவிடும் பயத்தில், பிள்ளையை வலியிலிருந்து காப்பாற்றக்கூடிய மருந்து அட்டை பிரிக்கப்படாமலே கிடந்துவிடுகிறது. இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது. ஒரு ரத்தப் பரிசோதனைகூடச் செய்யாமல், பழைய சீட்டைக் காட்டி மாதாமாதம் வாங்கி விழுங்குவது. இரண்டுமே உயிரோடு விளையாடுவதுதான்.

சிவப்பணுக்களுக்குள் ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின். அதன் பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டும். அந்த இடத்தில் வாலின் வந்துவிட்டால் அதுவே இந்த நோய். ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியதன் விளைவு என்பதை 1950களில் வெர்னன் இன்கிராம் காட்டினார். ஆக்சிஜனை இறக்கிவிட்டதும் இந்த ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நீண்ட இழைகளாகிவிடுகின்றன. செல் வளைந்து விறைக்கிறது. 120 நாள் வாழ வேண்டிய சிவப்பணு இரண்டு மூன்று வாரங்களிலேயே உடைந்துபோகிறது. உடைவதற்கு முன் சிறு ரத்தக் குழாய்களில் சிக்கி அடைத்துக்கொள்கிறது. கை, கால், முதுகு, நெஞ்சு என்று எங்கே அடைக்கிறதோ அங்கே தாங்க முடியாத வலி. மண்ணீரல் கெடுகிறது, மூளைக்குப் போகும் குழாய் அடைபட்டால் சின்ன வயதிலேயே பக்கவாதம்கூட வரலாம்.

1910இல் சிகாகோ மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக் இந்த வளைந்த செல்களைப் பற்றி எழுதினார். இந்தியாவில் இந்த மரபணுவை முதலில் கண்டறிந்தது நம் நீலகிரியில்தான். 1952இல் ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷும் அங்குள்ள பழங்குடிகளின் ரத்தத்தில் அதைக் கண்டார்கள். பணியர், இருளர், குறும்பர் குடும்பங்களில் இன்றும் இந்த நோய் இருக்கிறது. கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை போன்ற இடங்களில் இதற்கென்றே தனிக் கவனிப்பு உண்டு. தாய், தந்தை இருவரும் நோயில்லாமல் மரபணுவை மட்டும் சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு கருவிலும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு.

மருந்துக்கான வழியைக் காட்டியவை பச்சிளம் குழந்தைகள். இந்த நோயோடு பிறக்கும் குழந்தை முதல் சில மாதங்கள் எந்தத் தொந்தரவும் இல்லாமல் இருப்பதை 1948இல் நியூயார்க் மருத்துவர் ஜேனட் வாட்சன் கவனித்தார். கருவில் இருக்கும்போது உருவாகும் ஹீமோகுளோபின் வேறு வகை. அது இழையாகக் கோக்காது, மற்றதையும் கோக்க விடாது. பிறந்த பிறகு அதன் அளவு குறையக் குறைய நோய் தலைகாட்டுகிறது. அந்தக் கரு ஹீமோகுளோபினை மறுபடி சுரக்க வைக்க முடியுமா என்ற தேடல் பல பத்தாண்டுகள் நடந்தது. 1984இல் ஹைட்ராக்ஸியூரியா அதைச் செய்கிறது என்று தெரிந்தது. பிறகு அமெரிக்காவிலும் கனடாவிலும் 299 பெரியவர்களிடம் நடந்த ஆய்வு 1995இல் வெளியானது. மருந்து எடுக்காதவர்களுக்கு ஆண்டுக்கு நான்கைந்து முறை வந்த கடும் வலி, எடுத்தவர்களுக்கு இரண்டு மூன்றாகக் குறைந்திருந்தது. பலன் அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால், ஆய்வைக் குறித்த காலத்துக்கு முன்பே நிறுத்திவிட்டார்கள். 1998இல் பெரியவர்களுக்கு அனுமதி கிடைத்தது. அந்த ஆய்வில் இருந்தவர்களை 17 ஆண்டுகளுக்கும் மேல் தொடர்ந்து பார்த்ததில், நீண்ட காலம் மருந்து எடுத்தவர்களிடம் இறப்பு குறைவாகவே இருந்தது. புற்றுநோய் எச்சரிக்கை மருந்துக் குறிப்பில் இருப்பது உண்மைதான். ஆனால் இந்த நோயாளிகளிடம் இதுவரை நடந்த நீண்டகாலக் கவனிப்பில் அந்த அச்சத்துக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. மருந்தை மறுப்பதால் வரும் ஆபத்தோ கண்முன்னே இருக்கிறது.

இது வேலை செய்யும் விதத்திலேயே இதன் ஆபத்தும் இருக்கிறது. செல் பிரிவதற்குத் தேவையான டி.என்.ஏ. உதிரிப்பொருள்களைத் தயாரிக்கும் நொதி ஒன்றை இந்த மருந்து தடுக்கிறது. எலும்பு மஜ்ஜையின் வேகம் குறைகிறது. அந்த நெருக்கடியில் கரு ஹீமோகுளோபின் கூடுகிறது. குழாய்ச் சுவரில் ஒட்டி அடைப்புக்குத் துணைபோகும் வெள்ளையணுக்களும் குறைகின்றன. அதுவும் நல்லதுதான். ஆனால் அளவு மீறினால் கிருமியை எதிர்க்க வெள்ளையணு போதாது, ரத்தம் உறையத் தட்டணு போதாது. நல்லதும் கெட்டதும் ஒரே பாதையில் வருவதால், எந்த இடத்தில் நிற்கிறோம் என்பதை நோயாளியின் உடம்பைப் பார்த்துச் சொல்ல முடியாது. ரத்த எண்ணிக்கைதான் சொல்லும்.

ஆகவே அந்த ரிப்போர்ட்டைப் படிக்கத் தெரிந்துகொள்வது நல்லது. சி.பி.சி. என்ற பெயரில் வரும் தாளில் மொத்த வெள்ளையணு 4,800 என்றும், அதில் நியூட்ரோபில் என்ற வகை 40 சதவீதம் என்றும் அச்சாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் அவ்வளவு மோசமாகத் தெரியாது. பெருக்கிப் பாருங்கள்: 1,920. அமெரிக்க மருந்துக் குறிப்பு நியூட்ரோபில் 2,000க்குக் கீழே போனால் மருந்தை நிறுத்தி வைக்கச் சொல்கிறது. தட்டணுவுக்கு எல்லை 80,000. சில வழிகாட்டிகள் நோயாளியைப் பொறுத்து இதைக் கொஞ்சம் தளர்த்துகின்றன. முடிவு உங்கள் மருத்துவருடையது. நிறுத்தினால் பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் எண்ணிக்கை ஏறிவிடும், பிறகு குறைந்த அளவில் மீண்டும் தொடங்கலாம். அதே தாளில் எம்.சி.வி. என்றொரு வரி இருக்கும், சிவப்பணுவின் சராசரி அளவு அது. மருந்தை ஒழுங்காக எடுத்தால் பெரும்பாலும் அது மெல்ல ஏறும். அது ஏறவே இல்லையென்றால், பிள்ளை கேப்ஸ்யூலை விழுங்குகிறதா என்று மருத்துவர் கேட்பார். அதைச் சந்தேகமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உண்மையைச் சொல்லிவிடுங்கள். எடுக்காததை எடுத்ததாகச் சொன்னால், டோஸை வீணாகக் கூட்டிவிடுவார்கள்.

தொடக்கத்தில் இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறையும், அளவு நிலைத்த பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் இந்தப் பரிசோதனை வேண்டும். சிறுநீரக, கல்லீரல் சோதனையும் அவ்வப்போது வேண்டும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அளவைக் குறைத்தே கொடுப்பார்கள்.

அளவு, எடையைப் பொறுத்தது. கிலோவுக்கு 10 அல்லது 15 மில்லிகிராமில் தொடங்குவார்கள். நம் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது 500 மில்லிகிராம் கேப்ஸ்யூல்தான். 25 கிலோ எடையுள்ள குழந்தைக்குக் கிலோவுக்கு 10 என்றால் நாளைக்கு 250 வேண்டும். வீட்டில் கேப்ஸ்யூலைப் பிரித்துப் பொடியைப் பாதியாகக் கொட்டுவது பலருக்குத் தோன்றும் வழி. செய்யக் கூடாது. அளவு சரியாக வராது, பொடி கையிலும் காற்றிலும் படும். ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு கேப்ஸ்யூல் என்று சில மருத்துவர்கள் எழுதுவது இதனால்தான். அப்படி எழுதியிருந்தால் காலண்டரில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். எந்த நாள் கொடுத்தோம் என்ற குழப்பம் பெரியவர்களுக்கே வரும்.

கர்ப்பிணிகள் இந்தக் கேப்ஸ்யூலைத் தொடவே கூடாது. மற்றவர்கள் கையுறை போட்டு எடுக்கலாம். எடுத்த பின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். ஒருவேளை மறந்துபோனால் மறுநாள் இரண்டாகச் சேர்த்துக் கொடுக்காதீர்கள். ஹைட்ராக்ஸிகார்பமைடு என்று அட்டையில் அச்சாகியிருந்தாலும் இதே மருந்துதான். இரண்டு மருத்துவர்களிடம் போய் இரண்டு பெயரில் வாங்கி இரட்டிப்பாக விழுங்கிவிடும் அபாயம் உண்டு. குழந்தை பெறத் திட்டமிடும் பெண்களும் ஆண்களும் பல மாதங்களுக்கு முன்பே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தட்டம்மை போன்ற உயிருள்ள தடுப்பூசிகளைக் கேட்காமல் போட்டுக்கொள்ளக் கூடாது. சர்க்கரை நோய்க்காக உடம்பில் ஒட்டிக்கொள்ளும் சில சென்சார்களில், இந்த மருந்தால் சர்க்கரை அளவு பொய்யாக அதிகமாகக் காட்டும். அதை நம்பி இன்சுலின் போட்டால் ஆபத்து.

நகம் கறுப்பது, தோல் கொஞ்சம் கறுப்பது, குமட்டல் எல்லாம் வரலாம். இவற்றுக்காகத் தானாக நிறுத்திவிடக் கூடாது. முழுப் பலன் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். முதல் மாதமே வலி வந்துவிட்டது, மருந்து வேலை செய்யவில்லை என்று கைவிடுவோர் பலர். வலி வந்தபின் விழுங்கும் மாத்திரை அல்ல இது. வலியில்லாத நாள்களிலும் எடுத்தால்தான் வலியில்லாத நாள்கள் கூடும்.

காய்ச்சலை மட்டும் வேறு விதமாகப் பார்க்க வேண்டும். மண்ணீரல் ஏற்கெனவே கெட்டிருக்கும், மருந்து வெள்ளையணுவைக் குறைத்திருக்கலாம். வெப்பம் 101 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டால், பாராசிட்டமால் கொடுத்து விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த நேரமே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஈறில் ரத்தம், காரணமில்லாமல் உடம்பில் நீலத் தடிப்பு, திடீர்ச் சோர்வு ஆகியவற்றுக்கும் இதே விதிதான்.

2023 ஜூலை 1 அன்று தொடங்கிய தேசிய அரிவாள் செல் ரத்தசோகை ஒழிப்புத் திட்டம், 40 வயது வரையுள்ள 7 கோடிப் பேரைப் பரிசோதிக்க இலக்கு வைத்தது. தமிழ்நாடும் அதில் உண்டு. நோயைக் கண்டுபிடித்து, பரிசோதனை முடிவை எழுதிய அட்டை கொடுத்தால் மட்டும் போதாது. மலைக் கிராமத்துத் தாய் ஒருத்தி ஒரு நாள் கூலியை விட்டு, இரண்டு பஸ் மாறி ரத்தம் கொடுக்கப் போக வேண்டியிருந்தால், மூன்றாவது முறை போகமாட்டாள். அதற்கு அவளைக் குறை சொல்வதில் நியாயமில்லை. ஹைட்ராக்ஸியூரியா கொடுக்கப்படும் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அதே நாளில், அதே இடத்தில் ரத்த எண்ணிக்கையைப் பார்த்து, முடிவைக் கையில் கொடுத்து அனுப்பும் வசதியை அரசு செய்து தர வேண்டும்.