பெயர்விளக்கியின் குறிப்பேடு

'பதிவு' என்னும் சொல் பதிதல் என்னும் வினைவழி வந்தது. ஈர மண்ணில் நடந்தால் சுவடு பதிகின்றது. நடந்தவன் எண்ணிப் பதிப்பதில்லை. இணையத்தில் நாம் விட்டுச் செல்லும் பதிவுகள் பலவும் இத்தகையன. அவற்றுள் பலர் அறியாத ஒன்றை ஈண்டு விளக்குவோம்.

கைப்பேசியில் ஓர் இணையத்தளத்தின் பெயரை எழுதுகிறோம். கணினிகளோ ஒன்றையொன்று எண்களால் அறிவன. ஆகவே பெயருக்குரிய எண்ணை முதலில் கேட்டறிதல் வேண்டும். இதற்கென 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் என்னும் அமெரிக்க அறிஞர் வகுத்த முறையே 'டிஎன்எஸ்'. பெயரைக் கேட்டு எண்ணைச் சொல்லும் கணினியைப் பெயர்விளக்கி எனலாம். பெரும்பாலும் நமக்கு இணைய இணைப்புத் தரும் நிறுவனமே இதனையும் நடத்துகின்றது.

தோட்டத்துக் கடிதங்கள் அலுவலகத்தின் வழி வந்த காலத்தை மூத்தோர் அறிவர். உறையைப் பிரிக்காமலே, யாருக்கு எவ்வூரிலிருந்து எத்தனை கடிதம் வருகின்றது என்பது கிராணியாருக்குத் தெரியும். பெயர்விளக்கியின் நிலையும் அதுவே. நாம் படிக்கும் பக்கத்தை அது காணாது. எத்தளத்தை எப்பொழுது நாடினோம் என்பதை அறியும். நோய், கடன், வழக்கு பற்றிய தளங்களை ஒரு குடும்பம் அடுத்தடுத்து நாடினால், அவ்வரிசையே அதன் துயரை உரைத்துவிடும்.

ஆதலின் வேறு பெயர்விளக்கிகளை நாடுவோர் உளர். கூகிள் 2009இல் தொடங்கிய 8.8.8.8 சேவை, கேட்டவரின் முழு எண்முகவரி கொண்ட தற்காலிகக் குறிப்புகளை 24 முதல் 48 மணி நேரத்திற்குள் அழிப்பதாகக் கூறுகின்றது. கிளவுட்ஃபிளேர் 2018 ஏப்ரல் 1இல் 1.1.1.1 சேவையைத் தொடங்கியபொழுது, குறிப்புகளை 24 மணி நேரத்தில் அழிப்பதாக உறுதி கூறி, கேபிஎம்ஜி என்னும் தணிக்கை நிறுவனத்தைச் சோதிக்க அழைத்தது. 2020இல் தணிக்கை அறிக்கை வெளியானபொழுது, பிணையக் கோளாறுகளை ஆராய்வதற்காகத் தரவுப் பொதிகளில் 0.05 விழுக்காடு வரை, கேட்டவர் முகவரியுடன், மாதிரியாக எடுக்கப்படுவதையும் அந்நிறுவனம் தெரிவித்தது. பத்தாயிரத்துக்கு ஐந்து என்பது சிறிதே. ஆயினும் தணிக்கை நடந்தமையால் உறுதிமொழியின் எல்லை தெளிவாயிற்று.

இதற்கு மாறான நிகழ்ச்சியும் அவ்வாண்டே நேர்ந்தது. குறிப்பே வைப்பதில்லை என்று விளம்பரம் செய்த யுஎஃப்ஓ விபிஎன் என்னும் ஹாங்காங் சேவையின் பயனர் குறிப்புகள், 2020 ஜூலையில் காப்பின்றித் திறந்து கிடக்கக் காணப்பட்டன.

நம் நாட்டிலும் இவ்வினா எழுந்தது. பிற பெயர்விளக்கிகளுக்குச் செல்லும் வினாக்களை உள்நாட்டு நிறுவனங்களின் பெயர்விளக்கிகளுக்கே திருப்புமாறு மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம் 2024இல் பணித்தது. சூதாட்டம் முதலிய தீங்குகளைத் தடுத்தல் அதற்குக் கூறப்பட்ட காரணம். எதிர்ப்பு எழவே, செப்டம்பர் 8ஆம் நாள் அமைச்சர் ஃபாமி ஃபட்சில் அதனை நிறைவேற்ற வேண்டாம் என்றார். இவ்வாறு திருப்புதல் எங்ஙனம் இயலும்? பழைய முறையில் வினா அஞ்சலட்டை போல் திறந்தே செல்கின்றது. வழியில் உள்ளவர் படிக்கலாம், திருப்பவும் செய்யலாம். அப்பொழுது நமக்கு உறுதி கூறியவர் ஒருவர். வினாவைப் பெறுபவர் மற்றொருவர். 2018இல் வரையறுக்கப்பட்ட ஒரு புதிய முறை வினாவை உறையிலிட்டு அனுப்புகின்றது. ஆயினும் உறையைப் பிரிக்கும் பெயர்விளக்கிக்கு அது மறைவன்று. நம்பிக்கை வைக்கும் இடம் மாறுகின்றதேயன்றி, நம்ப வேண்டிய தேவை நீங்குவதில்லை.

சட்டம் துணை செய்யாதா எனின், ஓரளவே செய்யும். 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தேவைக்கு மேல் தரவை வைத்திருத்தலாகாது என்கின்றது. ஆனால் அது மத்திய, மாநில அரசுகளைக் கட்டுப்படுத்துவதன்று.

ஆகவே, 'உங்கள் மறைவைக் காப்போம்' என்னும் ஒரு வரியில் ஆசிரியர் நிறைவடைதல் கூடாது. எதனைக் குறிக்கிறார்கள், எத்தனை நாள் வைக்கிறார்கள், அதனைச் சோதித்த வெளியார் யார் என்னும் மூன்று வினாக்களையும் பள்ளிக் கணினியில் எச்சேவையையும் அமைக்குமுன் கேட்டல் வேண்டும். விடை கிடையாத சேவையை மாணவர் கையில் கொடாதிருத்தல் நம் கடமை.