காந்தம் இப்போது எங்கே நிற்கிறது?

கார்பன் பிரஷ் உள்ள மோட்டார்களில், ரோட்டருடன் சேர்ந்து சுழலும் செப்புத் துண்டங்களாலான கம்யூட்டேட்டர் மீது பிரஷ் உராயும்போதே, மின்னோட்டம் உரிய சுருளுக்குத் தானாக மாறிவிடுகிறது. பிரஷ் இல்லாத மோட்டாரிலோ, சுழலும் ரோட்டரில் நிரந்தரக் காந்தங்களும் அசையாத ஸ்டேட்டரில் மூன்று தொகுதிச் சுருள்களும் இருப்பதால், அந்தப் பொறுப்பு மின்னணுச் சுற்றைச் சேர்கிறது. காந்தம் நிற்கும் இடம் தெரியாவிட்டால் அச்சுற்று தவறான சுருளுக்கு மின்சாரம் அனுப்ப, மோட்டார் சுழலாமல் அதிர்ந்து திணறும்.

இடத்தை அறியும் நேரடி வழி ஹால் உணரி. மின்னோட்டம் பாயும் உலோகத் தகட்டின் குறுக்கே காந்தப்புலம் செயல்பட்டால் அதன் பக்கவாட்டில் சிறு மின்னழுத்தம் தோன்றும் என்று 1879-இல் அமெரிக்காவில் எட்வின் ஹால் கண்டறிந்த விளைவே இதன் அடிப்படை. மின்சார மிதிவண்டிச் சக்கரத்தின் நடுவிலுள்ள மோட்டாரில், மிளகளவே உள்ள மூன்று உணரிகளை ஸ்டேட்டரில் பதித்திருப்பார்கள். எதிரே வருவது வடமுனையா தென்முனையா என்பதை ஒவ்வொன்றும் 1 அல்லது 0 என அறிவிக்கும். மூன்றும் சேர்ந்து எட்டு விதமாகச் சொல்லக்கூடும் என்றாலும், அவை 120 பாகை மின்கோண இடைவெளியில் அமைவதால் 000, 111 ஆகிய இரண்டும் வரவே வராது. எஞ்சிய ஆறும் ரோட்டர் எந்த 60 பாகைக்குள் நிற்கிறது என்பதைக் காட்டுகின்றன. வராத இரண்டும்கூட வீணல்ல, அவற்றில் ஒன்று வந்துவிட்டால் உணரியோ கம்பியோ பழுதாகிவிட்டது என்று கட்டுப்பாட்டுச் சுற்று உடனே தெரிந்துகொள்கிறது. ஒரு சோடி வட, தென் முனைகள் கடந்து செல்வதே 360 பாகை மின்கோணம். ஆகவே பரவலாக உள்ள 46 காந்த மோட்டாரில், சக்கரம் ஒருமுறை சுற்றுவதற்குள் இந்தக் குறிப்பு 138 முறை மாறுகிறது.

உணரியே இல்லாமலும் இடத்தை அறியலாம். எந்த நேரத்திலும் இரு தொகுதிச் சுருள்களுக்கு மட்டுமே மின்சாரம் தரும் ஆறுபடி முறையில், ஓய்ந்திருக்கும் மூன்றாவது சுருளில் கடந்து செல்லும் காந்தம் ஒரு மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது. எதிர் மின்னியக்கு விசை எனப்படும் இது சுழியைக் கடக்கும் கணத்தைக் கவனித்து, அதிலிருந்து 30 பாகை மின்கோணம் கழிந்ததும் அடுத்த சுருளுக்கு மாறினால் போதும். வேலையில்லாத சுருளையே உணரியாக்கும் இந்தச் சிக்கனம் உண்மையில் வியப்புக்குரியது. ட்ரோன்களிலும் கணினி வன்தட்டுகளிலும் இதுவே வழக்கம்.

ஆனால் இந்த மின்னழுத்தம் வேகத்திற்கேற்ப எழுவதாகையால், ரோட்டர் நிற்கும்போது கவனிக்க எதுவுமே இல்லை. எனவே தொடக்கத்தில் ஒரு சுருளில் மின்னோட்டம் செலுத்திக் காந்தத்தைத் தெரிந்த இடத்திற்கு இழுத்துவந்து, பிறகு வேகம் பிடிக்கும்வரை கண்மூடித்தனமாகச் சுருள்களை மாற்றிக்கொண்டே போகவேண்டியிருக்கிறது; சில மின்விசிறிகள் போட்டவுடன் சற்றுப் பின்னோக்கி அசைவது இதனால்தான். விசிறிக்கு அந்த அசைவால் கேடில்லை. ஏற்றத்தில் ஆள் ஏறி நிற்கும் வண்டி அப்படிப் பின்வாங்கக் கூடாது என்பதால், அங்கே ஹால் உணரிகளும் அவற்றின் ஐந்து மெல்லிய கம்பிகளும் இன்றும் இடம்பெறுகின்றன.