குழந்தையின் படுக்கை: எந்த வயதில், எத்தகைய மெத்தை?

குழந்தைக்குக் கட்டில் வாங்கும்போது பெற்றோர் பலர் எங்களிடம் கேட்பது ஒன்றுதான்: "எந்த மெத்தை வாங்கினால் முதுகு வளையாமல் நேராக வளரும்?" கரியாலூர், வெள்ளிமலை முதலிய கல்வராயன் மலை ஊர்களிலிருந்து வருவோரும், கள்ளக்குறிச்சியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாழ்வோரும் இதையே கேட்கின்றனர். கடைகளில் 'ஆர்த்தோ மெத்தை' என்னும் பெயரில் பல ஆயிரம் ரூபாய்க்கு விற்கப்படுபவற்றை வாங்கக் கடன் பெறும் குடும்பங்களும் உண்டு. ஆகவே, எது தேவை, எது தேவையில்லை என்பதை இக்கட்டுரையில் விளக்க விரும்புகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். 'ஆர்த்தோ' என்பது விற்பனைக்காக இடப்படும் பெயர். அது மருத்துவர் அளிக்கும் சான்று அன்று. முதுகெலும்புக் கூனலை எந்த மெத்தையும் உண்டாக்குவதில்லை. எந்த மெத்தையும் அதனைக் குணப்படுத்துவதுமில்லை. நல்ல மெத்தையின் பணி எளியது. உறங்கும் உடலை ஒரே சீராகத் தாங்க வேண்டும்; மூச்சுக்கு இடையூறு செய்யக்கூடாது; உலர்ந்தும் தூய்மையாகவும் இருக்க வேண்டும்.

முதுகெலும்பு வளரும் விதம்

பிறந்த குழந்தையின் முதுகெலும்பு முன்புறம் குழிந்த ஒரே வளைவாக அமைந்திருக்கும். மூன்று, நான்கு மாதங்களில் தலை நிற்கும்போது கழுத்தின் வளைவும், எழுந்து நிற்கவும் நடக்கவும் தொடங்கும்போது இடுப்பின் வளைவும் உருவாகின்றன. இவ்வளைவுகளை உண்டாக்குவது தசைகளின் இயக்கமே. எனவே பகலில் தவழ்தல், நடத்தல், ஓடி விளையாடுதல் ஆகியவை முதுகுக்குச் செய்யும் நன்மையை எந்த மெத்தையும் செய்ய இயலாது.

ஓராண்டு நிறையும் வரை: மென்மை ஆபத்து

இந்த வயதில் மெத்தையைத் தேர்ந்தெடுப்பது முதுகுக்காக அன்று, உயிருக்காக. மிக மென்மையான மெத்தையில் குழந்தையின் தலை அமிழ்ந்துவிடும். புரண்டு குப்புறக் கவிழ்ந்தால் முகம் அதில் புதைந்து மூச்சு அடைபடக்கூடும். அமெரிக்காவில் 1994ஆம் ஆண்டு, குழந்தைகளை மல்லாக்கப் படுக்க வைக்கும்படி பெற்றோரை வலியுறுத்தும் பரப்புரை தொடங்கப்பட்டது. அதன்பின் வந்த ஆண்டுகளில், உறக்கத்தில் நேரும் திடீர் மரணங்கள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தன. மல்லாந்த நிலையும் உறுதியான, சமதளமான படுக்கையும் இணைந்தே பாதுகாப்பைத் தருகின்றன.

இதற்கென விலையுயர்ந்த பொருள் எதுவும் வேண்டியதில்லை. தரையிலோ பலகைக் கட்டிலிலோ கோரைப்பாய் விரித்து, அதன்மேல் ஒரு ஜமக்காளத்தைச் சுருக்கமின்றி மடித்துப் போட்டு, பருத்தித் துணியை இழுத்துச் செருகினால் போதும். மெத்தையே வாங்குவதாயின் உள்ளங்கையால் நடுவில் அழுத்திப் பாருங்கள். கையை எடுத்தவுடன் மேற்பரப்பு பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். கையின் பள்ளம் சிறிது நேரம் தங்கியிருந்தால் அது கைக்குழந்தைக்கு உகந்ததன்று. இக்காரணத்தால், உடலின் வடிவத்திற்கேற்பக் குழியும் 'மெமரி ஃபோம்' வகையும், புதிதாக அடைத்த பொதபொதவென்ற இலவம்பஞ்சு மெத்தையும் இவ்வயதில் வேண்டா. தொட்டில் கட்டிலாயின், மெத்தைக்கும் பக்கச் சட்டத்திற்கும் இடையே இரண்டு விரல்களுக்கு மேல் இடைவெளி இருக்கக்கூடாது. புதிய மெத்தையைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் உறையை முழுவதும் அகற்றிவிடுங்கள். குழந்தையின் முகத்தில் ஒட்டிக்கொண்டால் அது மூச்சை அடைத்துவிடும்.

தலையணை இரண்டு வயது வரை தேவையில்லை. தலை உருண்டையாக வேண்டும் என்று வைக்கப்படும் கடுகுத் தலையணையும் தேவையில்லை. குழந்தை விழித்திருக்கும்போது, நீங்கள் அருகிலிருந்து பார்த்துக்கொள்ள, சிறிது நேரம் குப்புறப் படுக்க விடுங்கள். தலையின் பின்புறம் தட்டையாவதை இதுவே குறைக்கும். கழுத்துத் தசையும் வலுப்பெறும். சளி பிடித்தாலும் தலைப்பக்கத்தை உயர்த்தி வைக்க வேண்டா. சரிந்த படுக்கையில் குழந்தை நழுவி, தாடை மார்பில் படிந்து, மூச்சுக்குழல் மடங்கலாம்.

தூளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். தூளியில் முதுகு வளைந்து தாடை மார்பை நோக்கிச் சாய்கிறது. ஆகவே குழந்தையை உறங்கச் செய்வதற்கு மட்டும் தூளியைப் பயன்படுத்தி, உறங்கியதும் சமதளப் படுக்கைக்கு மாற்றிவிடுங்கள். குறைமாதத்திலும் எடை குறைவாகவும் பிறந்த குழந்தைகளிடம் இதனைத் தவறாமல் கடைப்பிடியுங்கள். வளர்ந்த பிள்ளைகள் தூளித் துணியில் ஏறி ஆடுகையில் அது கழுத்தில் முறுக்கிக்கொள்ளும் விபத்துகள் நேர்கின்றன. பயன்படுத்தாத வேளையில் தூளியை அவிழ்த்து வையுங்கள்.

குழந்தை தாயின் அறையிலேயே, தாயின் கைக்கெட்டும் தொலைவில், தனி விரிப்பில் உறங்குவது நல்லது. உடன் படுப்பவர் மது அருந்தியவராகவோ, புகைபிடிப்பவராகவோ, உறக்கம் வரவழைக்கும் மருந்து உட்கொண்டவராகவோ இருந்தால் ஒரே படுக்கையைப் பகிர்தல் கூடவே கூடாது.

மலையில் மார்கழி, தை மாத இரவுகள் கடுங்குளிரானவை. குளிருக்காகக் கனத்த கம்பளியைக் குழந்தையின் முகம் வரை போர்த்தாதீர்கள். உடுப்பை ஓரடுக்குக் கூட்டி அணிவித்து, போர்வையை மார்பளவில் நிறுத்தி, ஓரங்களைச் செருகி விடுங்கள். சன்னலை அடைத்த அறைக்குள் கரி நெருப்பு மூட்டி வைத்து உறங்குவது உயிருக்கே ஆபத்து. அதிலிருந்து வரும் நச்சுவாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

ஒன்று முதல் பன்னிரண்டு வயது வரை: உறுதியும் சிறிது நெகிழ்வும்

இவ்வயதில் பலகையைப் போன்ற கடினம் தேவை என்றே பலர் எண்ணுகின்றனர். ஸ்பெயின் நாட்டில் நாள்பட்ட இடுப்புவலி கொண்ட 313 பெரியவர்களிடம் நடத்தப்பட்டு 2003இல் வெளியான ஆய்வொன்றில், மிகக் கடினமான மெத்தையைவிட நடுத்தர உறுதியுள்ள மெத்தையே வலியை அதிகம் குறைத்தது. அது பெரியவர்களைப் பற்றிய ஆய்வேயாயினும், கடினமே முதுகுக்கு நல்லது என்னும் நம்பிக்கைக்கு அடிப்படையில்லை என்பதை அது காட்டுகிறது.

கடையில் குழந்தையையே படுக்க வைத்துப் பாருங்கள். ஒருக்களித்துப் படுத்திருக்கையில் பின்னால் நின்று நோக்கினால், கழுத்து முதல் இடுப்பின் அடி வரை முதுகு ஏறத்தாழ ஒரே நேர்க்கோட்டில் இருக்க வேண்டும். இடுப்பு தாழ்ந்தால் மெத்தை மென்மை மிகுந்தது. தோளும் இடுப்பும் சற்றும் அமிழாமல் இடை தொங்கினால் கடினம் மிகுந்தது. குழந்தையின் எடை குறைவு. ஆதலால் பெரியவருக்கு உறுதியாகத் தோன்றாத மெத்தையும் குழந்தையை நன்கு தாங்கும். நான்கைந்து அங்குலத் தடிமன் போதுமானது.

தேங்காய் நார் மெத்தை உறுதியானது, காற்றோட்டம் உள்ளது, பல குடும்பங்களுக்கு எட்டும் விலையில் கிடைக்கும். அதன்மேல் மெல்லிய பஞ்சு விரிப்பு ஒன்று போட்டால் குழந்தைக்கு இதமாக இருக்கும். போடிநாயக்கனூர் பகுதியிலிருந்து வரும் இலவம்பஞ்சு மெத்தை வெப்பத்தைத் தேக்காது; எனினும் நாளடைவில் பஞ்சு கட்டிதட்டிப் பள்ளம் விழும். அவ்வப்போது வெயிலில் காயவைத்து, பஞ்சைப் பிரித்து அடித்து மீண்டும் தைக்க வேண்டும். ஃபோம் மெத்தையில் அடர்த்தி குறைந்த மலிவு வகைகள் சில மாதங்களிலேயே அமுங்கிவிடும். அழுத்தும்போது அடிப்பலகை கையில் தட்டுப்பட்டால் வாங்காதீர்கள். நடுவில் தொய்ந்த கயிற்றுக் கட்டிலின்மேல் எவ்வளவு நல்ல மெத்தையைப் போட்டாலும் பயனில்லை. முதலில் கயிற்றை இழுத்துக் கட்டுங்கள். மெத்தையின் நடுவே ஓரங்குலத்திற்கு மேல் நிலையான பள்ளம் விழுந்தால் மாற்றும் காலம் வந்துவிட்டது என்று பொருள்.

மெத்தையைவிட முதன்மையானது உறங்கும் நேரம். மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைக்குப் பகலுறக்கமும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரமும், ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு 9 முதல் 12 மணி நேரமும் உறக்கம் வேண்டும்.

தரையா, கட்டிலா?

தரையில் பாய் விரித்துப் படுப்பது முதுகுக்குக் கேடன்று. ஆயினும் மலையடிவாரத்திலும் காட்டையொட்டிய ஊர்களிலும் கட்டிலுக்கு ஒரு சிறப்புக் காரணம் உண்டு: கட்டுவிரியன். இப்பாம்பு இரவில் வீட்டுக்குள் நுழைந்து, தரையில் உறங்குவோரைக் கடிக்கும். கடி எறும்புக் கடிபோல் தோன்றலாம். வலியே இல்லாமலும் போகலாம். பல்தடம் கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கலாம். விடியற்காலையில் குழந்தை வயிற்றுவலி என்று அழுது, இமைகள் தாமே தாழ்ந்து, விழுங்கவோ பேசவோ திணறினால், பாம்பைப் பார்க்கவில்லை என்பதற்காகக் காத்திருக்க வேண்டா. கட்டுப்போடுதல், கீறுதல், மந்திரித்தல் எதுவும் செய்யாமல் 108 ஊர்தியை அழைத்து உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். தரையிலிருந்து உயர்ந்த கட்டிலும், மெத்தையின் அடியில் நான்கு புறமும் செருகிய கொசுவலையும் இந்த ஆபத்தைப் பெரிதும் குறைக்கும். கட்டில் வாங்க இயலாதவர்கள் கொசுவலையையேனும் பாயின் அடியில் செருகிக்கொள்ளுங்கள்.

தூய்மை

படுக்கையில் சிறுநீர் கழிப்பது ஐந்து வயது வரை இயல்பே; கண்டிப்பதால் அது நிற்காது. மெத்தையின்மேல் ரப்பர் விரிப்பு, அதன்மேல் தடித்த பருத்தித் துணி எனப் போட்டால் மெத்தை கெடாது; ரப்பர் விரிப்பு நழுவாதபடி இறுக்கமாகச் செருகுங்கள். மழைக்காலத்தில் ஈரமேறிய மெத்தையில் பூஞ்சணம் படியும், தூசிப்பூச்சிகளும் பெருகும். ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு இவை இரண்டும் மூச்சுத்திணறலைத் தூண்டும். விரிப்புகளை வாரந்தோறும் வெந்நீரில் துவையுங்கள். வெயில் கண்ட நாளில் மெத்தையை வெளியே நிறுத்தி உலர்த்துங்கள். வீட்டில் ஒருவருக்குச் சொறிசிரங்கு இருந்தால், அனைவரும் ஒரே நாளில் மருந்து பூசிக்கொண்டு, அன்றே விரிப்புகளையும் துவைத்துக் காயவைக்க வேண்டும். துவைக்க இயலாதவற்றைச் சில நாட்கள் கட்டி ஒதுக்கி வைத்தால் அப்பூச்சிகள் மடிந்துவிடும்.

தானே புரள இயலாத குழந்தைகள்

மூளைவாதம், தசைநலிவு முதலியவற்றால் தானே திரும்பிப் படுக்க முடியாத குழந்தைகளுக்கு மெத்தை மருத்துவத்தின் ஒரு பகுதியாகிறது. பின்னந்தலை, தோள்பட்டை, இடுப்பு, குதிகால் ஆகிய இடங்களில் எலும்பின் மேலுள்ள தோல் நசுங்கிப் படுக்கைப்புண் உண்டாகலாம். காற்று மெத்தை இதைக் குறைக்க உதவும். ஆனால் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பதற்கு அது மாற்றாகாது. மின்சாரம் தடைப்படும் ஊர்களில், காற்று இறங்கிவிட்ட மெத்தையில் குழந்தை கிடக்கவில்லையா என்று இரவிலும் பாருங்கள். நாள்தோறும் தோலைச் சோதித்து, அழுத்தினாலும் மறையாத சிவப்போ கருமையோ தென்பட்டால் எங்களிடம் காட்டுங்கள். 2021இல் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் இயன்முறைப் பயிற்சியாளர்கள் வீட்டிற்கே வருகின்றனர். குழந்தையை எவ்வாறு கிடத்துவது, எங்கே துணிச்சுருள் வைப்பது என்பதை அவர்களிடம் செய்துகாட்டச் சொல்லிக் கற்றுக்கொள்ளுங்கள்.

மெத்தையை மாற்றாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டிய நேரம்

குழந்தைக்கு முதுகுவலி என்றதும் மெத்தையைக் குறைகூறிப் புதியதை வாங்கிவிட்டு வாரக்கணக்கில் காத்திருப்பதே எங்களை மிகவும் கவலைகொள்ளச் செய்வது. கீழே விழுந்த பொருளை முதுகை வளைக்காமல், முழங்காலை மடக்கி உட்கார்ந்தே எடுக்கும் குழந்தைக்கு முதுகெலும்புக் காசநோய் இருக்கலாம். நம் நாட்டில் அது அரிதன்று; தொடக்கத்திலேயே கண்டறிந்தால் மாத்திரைகளாலேயே குணமாகும்; காலந்தாழ்ந்தால் கூனலும் கால் செயலிழப்பும் நேரக்கூடும். இரவில் உறக்கத்தைக் கலைக்கும் வலி, காய்ச்சல், எடை குறைதல், கால்களில் தளர்ச்சி, புதிதாகச் சிறுநீர் கட்டுப்படாமை, ஒரு தோள் மற்றொன்றைவிட உயர்ந்து தெரிதல் ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் உடனே அழைத்து வாருங்கள். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தை முதுகு வலிக்கிறது என்றால், வேறு அறிகுறி இல்லாவிடினும் காட்டுவது நலம்.

அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இப்பரிசோதனைக்குக் கட்டணம் இல்லை. மெத்தைக்காகச் சேர்த்த பணத்தைச் செலவிடும் முன் ஒருமுறை குழந்தையின் முதுகை எங்களிடம் காட்டுங்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு, பள்ளமில்லாத கட்டிலும் உலர்ந்த நார் மெத்தையும் சுற்றிச் செருகிய கொசுவலையுமே போதும் என்றுதான் சொல்லி அனுப்புவோம்.