ஊட்டியில் கடை பிடிக்கும் முன்

2024 ஜூலை 5 அன்று ஊட்டி குதிரைப் பந்தய மைதானத்தின் 52.34 ஏக்கரை அரசு திரும்ப எடுத்துக்கொண்டது. குத்தகைக்கு விட்ட நிலம் அது. 2001 முதல் வாடகை வரவில்லை, பாக்கி 822 கோடி ரூபாய் என்பது அரசின் கணக்கு. அதற்கு ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் முன்பு, 2021 ஆகஸ்டில், அங்கிருந்து நடக்கிற தூரத்திலுள்ள நகராட்சி மார்க்கெட்டில் வாடகைப் பாக்கிக்காக நூற்றுக்கணக்கான கடைகளுக்கு சீல் வைத்தார்கள். ஒன்று பணக்காரர்களின் பொழுதுபோக்கு, மற்றொன்று காய்கறியும் மளிகையும். ஆனாலும் இரண்டையும் கவிழ்த்தது தீராமல் ஓடிய பாக்கிதான்.

ஊட்டியில் பாக்கி சேர்வதற்குக் காரணம் சோம்பல் இல்லை. வாடகைக்குப் பன்னிரண்டு மாதம், வியாபாரத்துக்கு ஏப்ரல், மே. அப்புறம் செப்டம்பர், அக்டோபரில் கொஞ்சம். “சீசன்ல எடுத்துடலாம்” என்ற நம்பிக்கையில்தான் சாக்லேட் கடையும் ஸ்வெட்டர் கடையும் தைலக் கடையும் மழைக்காலத்தைக் கடத்துகின்றன. அந்தச் சீசனிலும் இப்போது கட்டுப்பாடு. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வெளியூர் வாகனங்கள் என்று வரம்பும் வைத்தார்கள். இதை எதிர்த்து ஏப்ரல் 2 அன்று வியாபாரிகள் கடையடைப்பு நடத்தினார்கள். மலையின் தாங்குதிறனுக்கு வரம்பு தேவைதான். அதன் சுமை முழுவதும் கடைக்காரர் தலையில் இறங்குவது வேறு விஷயம்.

கூட்டம் குறைந்தால் வாடகையும் குறையுமா? சட்டம் தானாகக் குறைக்காது. கொரோனா ஊரடங்கின்போது டெல்லி கான் மார்க்கெட்டில் செருப்புக் கடை வைத்திருந்த வாடகைதாரர்கள், கடை மூடியிருந்த காலத்துக்கு வாடகையை நிறுத்தி வைக்கக் கேட்டார்கள். 2020 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஒப்பந்தத்தில் அதற்கென ஒரு வரி இருந்தால் அதன்படி. இல்லையென்றால் கடையை வைத்துக்கொண்டு வாடகையை மறுக்க முடியாது என்பதுதான் நிலை. ஆகவே புதிதாகக் கடை பிடிப்பவர் அந்த வரியைக் கேட்டு வாங்க வேண்டும்: “அரசு அல்லது நீதிமன்ற உத்தரவாலோ, மண்சரிவால் சாலை அடைபட்டதாலோ, கடையைத் திறக்க முடியாத நாட்களுக்கு வாடகை பாதி.” உரிமையாளர் முகம் சுளிப்பார். பரவாயில்லை, அட்வான்ஸ் கைமாறும் முன் மட்டுமே அவர் காது கொடுப்பார்.

எந்தச் சட்டம் உங்களைக் காக்கும் என்பது கடை யாருடையது என்பதைப் பொறுத்தது. தனியார் கட்டடம் என்றால் 2019 பிப்ரவரி 22இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம். இது வீட்டுக்கு மட்டுமல்ல, கடைக்கும் உண்டு. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், துணை ஆட்சியர் நிலையிலுள்ள வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். பதிவாகாததைச் சான்றாக ஏற்கத் தடை இருக்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் போடாமல் விட்டதே காலி செய்யக் கேட்பதற்கு ஒரு காரணமாகிவிடும். பத்திரத்தில் பதினோரு மாதம் என்று போடும் பழக்கம், ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பத்திரப்பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பதைத் தவிர்க்க வந்தது. உள்அலங்காரத்துக்கு லட்சக்கணக்கில் போட்டுவிட்டு பதினோரு மாதத் தாளை நம்பியிருப்பவரின் துணிச்சலை என்னவென்பது!

நகராட்சிக் கடைகளுக்கு இந்த வாடகைச் சட்டம் பொருந்தாது. அங்கே ஏல நிபந்தனையும் உள்ளாட்சி விதிகளும்தான் பேசும். பொது இடங்களிலிருந்து வெளியேற்றும் 1975ஆம் ஆண்டுச் சட்டமும் உண்டு. கோயில் இடமென்றால் அறநிலையத் துறைச் சட்டம். ஐந்தாண்டுக்கு மேல் குத்தகை என்றால் ஆணையர் அனுமதி வேண்டும். அது இல்லாமல் அறங்காவலர் தரும் வாக்குறுதி செல்லாது.

நகராட்சி மார்க்கெட்டுகளில் அதிகம் ஏமாறுபவர் உள்வாடகைக்காரர்தான். கடை ஒருவர் பெயரில் இருக்கும், அவர் வேறு தொழிலுக்கோ கோயம்புத்தூருக்கோ போயிருப்பார். உள்ளே வியாபாரம் செய்பவர் நகராட்சி வாடகையைப் போலப் பல மடங்கு கொடுப்பார், பகடி எனப்படும் கணக்கில் வராத முன்பணமும் கொடுத்திருப்பார், ரசீது மட்டும் அடுத்தவர் பெயரில் வரும். வாங்கிய பணத்தை அந்த ஆள் நகராட்சியில் கட்டினாரா என்று இவருக்குத் தெரியாது. ஒருநாள் ஷட்டரில் சீல் விழும்போது, உள்ளே இருக்கும் சரக்கு தன்னுடையது என்று சொல்லக்கூட இவரிடம் தாள் இருக்காது. உள்வாடகையே நிபந்தனை மீறல் என்பதால், புகார் கொடுக்கப் போனால் குற்றவாளியாகவும் நிற்க வேண்டிவரும். இதற்கு நல்ல நிவாரணம் எதுவும் இல்லை. பில், ஜிஎஸ்டி பதிவு, வங்கி வழியான பணப் பரிமாற்றம் இவை இருந்தால் சரக்கையும் கொடுத்த பணத்தையும் கேட்டு வழக்குப் போடலாம், அவ்வளவுதான்.

ஓட்டல் வரவேற்பறையில் ஒரு மூலை, ரிசார்ட்டில் ஒரு ஸ்டால் எடுப்பவர்களிடம் “லைசென்ஸ்” என்று தலைப்பிட்ட தாளை நீட்டுவார்கள். லைசென்ஸ் என்றால் இடத்தின் மீது உரிமை கிடையாது, எளிதில் வெளியேற்றலாம். ஆனால் தலைப்பை வைத்து மட்டும் நீதிமன்றம் முடிவு செய்யாது. டெல்லி இம்பீரியல் ஓட்டலில் முடிதிருத்தகம் நடத்தியவர் வழக்கில், 1959இல் உச்ச நீதிமன்றம் தாளின் பெயரைத் தாண்டி உள்ளடக்கத்தைப் பார்த்து அதைக் குத்தகை என்றே சொன்னது. இடத்தை வேறு யாரும் நுழையாதபடி முழுதாக உங்கள் வசம் கொடுத்திருந்தார்களா என்பது முக்கியக் கேள்வி. சாவி யாரிடம் இருந்தது என்பதை நினைவில் வையுங்கள்.

மலைப்பகுதிக்கே உரிய இன்னொரு ஆபத்து, அனுமதியில்லாத கட்டடம். 2018இல் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி சீகூர் யானை வழித்தடத்தில் ரிசார்ட்டுகளுக்கு சீல் வைத்தபோது, கட்டியவர் யார், நடத்துபவர் யார் என்று சீல் பார்க்கவில்லை. கட்டட அனுமதியின் நகலைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

தகராறு வந்த பிறகு? வாடகை உயர்வை எதிர்ப்பவர் செய்யும் பெரிய தவறு, பழைய வாடகையையும் நிறுத்திவிடுவது. ஒப்புக்கொண்ட தொகையை மாதாமாதம் வங்கி வழியாகக் கட்டிக்கொண்டே, உயர்வை எழுத்தில் ஆட்சேபித்து வழக்கு நடத்தலாம். வாங்க மறுத்தால், தனியார் கடை என்றால் வாடகை அதிகாரியிடம் டெபாசிட் செய்ய வழியுண்டு. இரண்டு மாத பாக்கி இருந்தாலே காலி செய்யக் கேட்க வாடகைச் சட்டம் இடம் தருகிறது என்பதால், வியாபாரிகள் சங்கம் சொன்னது என்று கட்டாமல் இருந்துவிடாதீர்கள். சங்கத்தின் பெயரில் சீல் வராது.

உரிமையாளர் தண்ணீரையோ மின்சாரத்தையோ துண்டித்தால் வாடகை அதிகாரியிடம் மனுப் போடலாம். ஆளை வைத்து சாமான்களைத் தெருவில் போட்டால், கடையைத் திரும்பப் பெற 1963ஆம் ஆண்டு குறிப்பிட்ட பரிகாரச் சட்டத்தின் 6ஆவது பிரிவில் வழக்குப் போடலாம். ஆறு மாதத்துக்குள் போட வேண்டும். அரசுக்கு எதிராக இந்தப் பிரிவு செல்லாது. பெண்கள், பட்டியலினத்தவர், குறைந்த வருமானக்காரர் ஆகியோருக்கு சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரைத் தரும். அழைக்க வேண்டிய எண் 15100.