பஸ்சில் ஏறினாலே லத்தீன் படிக்கலாம்!
ஒரு வேரைப் பிடித்தால் பல இங்கிலீஷ் சொற்கள் வரும்

"இங்கிலீஷா? அது நமக்கு வராதுப்பா!" என்று ஒதுங்குகிறவர்கள் பலர். பாங்கி வேலைக்குப் பரீட்சை எழுதப் போனால், இங்கிலீஷ் சொற்கள்தான் காலை வாருகின்றன. ஆனால் தினமும் பஸ்சில் போகிறவர் வாயிலேயே அதற்கான பாடம் இருக்கிறது!

இங்கிலீஷ் சொற்களில் ஏராளமானவை பழைய ரோமாபுரியின் லத்தீன் மொழியில் இருந்து வந்தவை. வேர் தெரிந்தால் சொல் புரியும்.

"ஆம்னி பஸ்" கதை

"ஆம்னி பஸ்" என்கிறார்களே, அது என்ன?

"ஆம்னிபஸ்" முழுக்க லத்தீன் சொல். "எல்லோருக்கும்" என்று பொருள். 1820-களில் பிரான்சு நாட்டில், காசு கொடுத்தால் யாரும் ஏறக்கூடிய குதிரை வண்டிக்கு இந்தப் பெயர் வந்தது. "ஆம்னி" என்றால் எல்லாம். மிச்சம் இருக்கும் "பஸ்", தமிழில் உள்ள "கு" மாதிரி வெறும் வேற்றுமை உருபு!

"போர்ட்" என்றால் சுமப்பது. சுமப்பவர் போர்ட்டர். சரக்கு வெளியே போனால் எக்ஸ்போர்ட். உள்ளே வந்தால் இம்போர்ட். இடம் விட்டு இடம் போனால் டிரான்ஸ்போர்ட்.

கடைக் கணக்கிலும் லத்தீன்!

"கிரெடிட்" என்பதன் வேருக்கு நம்புவது என்று பொருள். கடைக்காரர் நம்பித்தானே கடன் கொடுக்கிறார்! நம்ப முடியாதது "இன்கிரெடிபிள்".

இப்படி வேரைக் காட்டிச் சொல் கற்றுத்தரும் "வேர்ட் பவர் மேட் ஈசி" என்ற புத்தகத்தை அமெரிக்கரான நார்மன் லூயிஸ் எழுதினார். 1949-ல் வெளிவந்த அந்தப் புத்தகம், இன்றும் பரீட்சைக்குப் படிப்பவர்கள் கையில் இருக்கிறது.

உஷார்!

ஆனால் வேரை மட்டும் நம்பிவிடக்கூடாது. "ஏர்போர்ட்"டில் வரும் "போர்ட்" சுமப்பது அல்ல; துறைமுகம்!

இன்னொன்று உயிருக்கே ஆபத்தானது. பெட்ரோல் டேங்கர் லாரியின் பின்னால் "இன்பிளேமபிள்" என்று எழுதியிருக்கும். "இன்கிரெடிபிள்" மாதிரி இங்கேயும் "இன்" என்றால் "இல்லை" என்று நினைத்து, "தீப்பிடிக்காது போல" என்று பக்கத்தில் பீடி பற்ற வைத்தால் கதை முடிந்தது! இங்கே "இன்" என்பது "உள்ளே". சட்டென்று தீப்பற்றும் என்பதே பொருள். இந்தக் குழப்பம் வேண்டாம் என்றுதான் அமெரிக்காவில் "இன்"னை வெட்டிவிட்டு "பிளேமபிள்" என்று எழுதத் தொடங்கினார்கள்.

வேரைப் பார்த்து ஊகிக்கலாம். ஆனால் டிக்ஷனரியைப் புரட்டி உறுதி செய்து கொள்ள வேண்டும். தினம் ஒரு வேர் போதும். டிக்கெட் வாங்கி இறங்குவதற்குள் படித்துவிடலாம்!