உஷார்! சிலந்தியைப் பார்த்து மருந்தடிக்காதீர்கள்

நெய்வேலியைச் சுற்றிச் சம்பா நட்டவர்களே, கொஞ்சம் நில்லுங்கள். “வயல் பூரா விஷச் சிலந்தி, ஏதாச்சும் மருந்து குடுங்க” என்று மந்தாரக்குப்பத்திலோ குறிஞ்சிப்பாடியிலோ கடைப்படி ஏறுமுன் இதைப் படித்துவிடுங்கள்.

விஷம் இருப்பது உண்மைதான். அநேகமாக எல்லாச் சிலந்திக்கும் உண்டு. யாருக்காக? விடியற்காலையில் வயலில் இறங்கி ஒரு குத்தை விலக்கிப் பாருங்கள். தண்ணீருக்குச் சற்று மேலே, எள் ஒட்டியதுபோலப் பழுப்பாக இருப்பது புகையான். பக்கத்தில் வெள்ளை உருண்டையைப் பின்னால் கட்டிக்கொண்டு தண்ணீர்மேலேயே ஓடுகிறதே, அது ஓநாய்ச் சிலந்தி. உருண்டை அதன் முட்டைப்பை. வலை பின்னாது, விரட்டித்தான் பிடிக்கும். விஷத்தை ஏற்றி, உள்ளிருப்பதைக் கூழாக்கி உறிஞ்சிவிட்டுச் சக்கையைப் போட்டுவிடும். நாளொன்றுக்கு 5 முதல் 15 பூச்சி. நட்ட புதிதில் புகையான் கிடைக்காதபோது, சேற்றுக் குப்பையில் பிறக்கும் பொடி ஈக்களைத் தின்றே பெருகும். முதல் 40 நாளுக்குள் மருந்தடித்தால் இந்தப் படை திரளவே திரளாது.

ஆபத்து இங்கேதான். சைபர்மெத்ரின் போன்ற மருந்து சிலந்தியைக் கொன்றுவிடும். புகையான் முட்டையோ இலையுறைக்குள் பத்திரமாக இருக்கும். ஒரு வாரம், பத்து நாளில் அது பொரிந்து வரும்போது தின்ன ஆள் இருக்காது. பிறகு வட்ட வட்டமாகப் பயிர் தீய்ந்துபோகும். இந்தோனேசியா இப்படி அடிபட்டுத்தான், 1986இல் நெல்லுக்கு அடிக்கும் 57 மருந்துகளைத் தடை செய்தது.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமே சிலந்தியைக் கணக்கில் சேர்த்திருக்கிறது: சிலந்தி இல்லையென்றால் தூருக்கு 1 புகையான் வந்தாலே நடவடிக்கை, குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு 2 வரை பொறுக்கலாம்.

பயிர் கருகருவென்று நிற்கட்டும் என யூரியாவைக் கொட்டுவது புகையானுக்கு வைக்கும் விருந்து; குறையுங்கள். தண்ணீரை இடைவெளி விட்டு வடியுங்கள்.

சிலந்தி கடித்துவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வீக்கமோ காய்ச்சலோ ஏறினால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், மந்திரிக்க ஓடாதீர்கள்.

நாளைக் காலை பத்துக் குத்தையாவது விலக்கி எண்ணுங்கள். அதுவரை மருந்து டப்பாவின் மூடியைத் திறக்காதீர்கள்.